ஏட்டில் எழுதிய முகம்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம்மவர்கள் ஒரு பழமொழி செய்து வைத்திருக்கிறார்கள். படித்த பிள்ளைகளை மட்டம் தட்டுவதற்கு இது நல்ல ஆயுதம். ஆனால் சமையல் புத்தகங்கள் விற்கிற வேகத்தைப் பார்த்தால், பல வீடுகளில் ஏட்டுச் சுரைக்காயை நம்பித்தான் அடுப்பு எரிகிறது என்று தோன்றுகிறது. ஒருவர் எழுதி வைத்ததைப் படித்து, அவர் செய்ததை இன்னொருவர் அப்படியே செய்துவிட முடியுமா? சாம்பாருக்கு முடியும் என்றே வைத்துக்கொள்வோம். முகத்துக்கு முடியுமா?

முகம் என்று நான் சொல்வது நாடக மேடையில் வேஷம் கட்டிய முகத்தை. மேல்நாட்டுக் கொட்டகைகளில் பெரிய நாடகங்களுக்கு ஒப்பனையை வகுக்கிறவர் ஒருவர். அதை இரவுதோறும் முகத்தில் ஏற்றுகிறவர் வேறொருவர். வகுத்தவர், முகத்தின் கோட்டுருவம் அச்சிட்ட தாளில், நெற்றிக்கு இன்ன நிறம், கன்ன எலும்பின் கீழ் இன்ன நிழல், புருவம் இவ்வளவு மேலே, பொய்முடிக்கு வகிடு இடப்பக்கம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த நாடகத்துக்குப் போய்விடுவார். நடிகர் மாறுவார், ஊர் மாறும், வகுத்தவர் காலமாகியும் விடலாம். தாள் மட்டும் கை மாறிக்கொண்டே இருக்கும். அதை எதிரே விரித்து வைத்துக்கொண்டு, தாம் ஒரு தடவைகூடப் பார்த்திராத முகத்தை, முன்பின் அறியாத ஒருவரின் முகத்தின்மேல் கொண்டுவர வேண்டும். ரிச்சர்ட் கார்ஸன் என்ற அமெரிக்கர் 1942-ல் எழுதிய மேடை ஒப்பனை நூல் பத்தாவது பதிப்பையும் தாண்டி வந்திருக்கிறது என்றால், இந்த ஏட்டுச் சுரைக்காய்க்கு எவ்வளவு கிராக்கி என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன அக்கறை என்று வாசகர் கேட்கலாம். நாங்களும் இதே தொழிலைத்தான் செய்கிறோம். 'மாநிறம், களையான முகம், அடங்காத சுருட்டை முடி' என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கதாநாயகியைப் படைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். தொடர்கதைக்குப் படம் போடுகிறவர் பாடு அதற்கப்புறம்தான் ஆரம்பமாகிறது. இரண்டு ஓவியர்களிடம் அதே வரியைக் கொடுத்தால் இரண்டு பெண்கள் வந்து நிற்பார்கள். எழுதியவனைக் கேட்டால் இரண்டு பேருமே அவள் இல்லை என்பான். ஆகவே இந்த ஒப்பனைத் தாள்களையும் ஒரு வகை எழுத்தாகவே நான் பார்க்கிறேன். எழுத்துக்குச் சொல்கிற குறைநிறைகளை இவற்றுக்கும் சொல்லலாம்.

முதல் சங்கடம், தாளில் உள்ள முகம் யாருடைய முகமும் இல்லை என்பது. டி. எஸ். எலியட்டின் பூனைக் கவிதைகளை வைத்து 1981-ல் லண்டனில் மேடையேறிய 'கேட்ஸ்' இசை நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேடையும் உடையும் ஜான் நேப்பியர் வகுத்தவை. அது 1982 அக்டோபரில் நியூயார்க்குக்குப் போய், 2000 செப்டம்பர் வரை 7,485 தடவை நடந்தது. பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ நடிகர்கள் வந்து போனார்கள். அந்தப் பூனை முகங்களை நடிகர்கள் தாங்களே கண்ணாடி முன் உட்கார்ந்து தீட்டிக்கொள்வது வழக்கம். ஒருவருக்கு மூக்கு நீளம். அவருக்குப் பின் வந்தவருக்குச் சப்பை மூக்கு. ஒருவருக்குக் கண்கள் குழிக்குள் இருக்கின்றன. இன்னொருவருக்கு இமை மேடாக இருக்கிறது. கண்ணின் ஓரத்திலிருந்து கன்னத்தின் நடுவுக்கு ஒரு கோடு என்று தாளில் எழுதியிருந்தால், முதலாமவர் முகத்தில் அது பூனையின் சாய்ந்த கண். இரண்டாமவர் முகத்தில் அழுதவளின் கண் மை கரைந்தது போல ஆகிவிடலாம். இரண்டு பேரும் தாளை அட்சரம் பிசகாமல் பின்பற்றியவர்கள்தாம்.

அளவைப் பின்பற்றினால் முகம் வராது. முகத்தைப் பின்பற்றினால் அளவு தவறும். இப்படி ஒரு இக்கட்டில் இருப்பவரை வெறும் நகலெடுப்பவர் என்று சொல்வது அநியாயம். மொழிபெயர்ப்பாளர் படுகிற பாட்டை அவரும் படுகிறார். மொழிபெயர்ப்பாளர் பெயராவது சின்ன எழுத்தில் அச்சாகும்.

இரண்டாவது சங்கடம் பெயர்களால் வருவது. லுட்விக் லெய்க்னர் என்று ஜெர்மனியில் ஒரு பாடகர் இருந்தார். வாக்னரின் இசை நாடகங்களில் பாடியவர், ரசாயனமும் தெரிந்தவர். அந்தக் காலத்து முகப்பூச்சுக்களில் ஈயம் கலந்திருந்தது. நடிகர்களின் உடம்பைக் கெடுத்தது. 1873-ல் அவர் பெர்லினில் ஒரு கம்பெனி தொடங்கி, கொழுப்பில் குழைத்த ஈயமில்லாத வர்ணங்களைக் குச்சிகளாக வார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் போட்டு விற்றார். அதில் 5-ஆம் நம்பர் தந்த நிறம். 9-ஆம் நம்பர் செங்கல் நிறம். இரண்டையும் கலந்து பூசினால் ஆரோக்கியமான வாலிப முகம் வரும். இங்கிலாந்தில் தலைமுறை தலைமுறையாக நடிகர்கள் 'ஐந்தும் ஒன்பதும்' என்று சொன்னாலே போதும், என்ன முகம் என்று ஒப்பனை அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. சுருக்கம், துல்லியம், சந்தேகத்துக்கு இடமில்லாமை: எழுத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

வேண்டியது ஒன்று இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் குச்சிகளின் காலம் போய்விட்டது. இப்போது யாராவது பழைய தாள் ஒன்றை எடுத்து, '5-ம் 9-ம், இரண்டாவதைக் கொஞ்சம்' என்று படித்தால், அது தந்திக் குறியீடுபோல இருக்கும். சரித்திரம் தேடிக் குச்சியின் நிறத்தைக் கண்டுபிடித்துவிட்டாலும் வேலை முடியாது. அந்த நிறம் எந்த வெளிச்சத்துக்குப் பூசப்பட்டது? லண்டன் ஸவாய் தியேட்டர் 1881-ல் மின்சார விளக்குக்கு மாறும் வரை, கொட்டகைகளில் பெரும்பாலும் எரிந்தது வாயு விளக்கு. மேடை விளிம்பில் காலடியிலிருந்து எரியும் விளக்கு, மூக்கின் நிழலை மேல் நோக்கித் தள்ளும். தலைக்கு மேலிருந்து விழும் வெளிச்சம் அதையே கீழே தள்ளும். பச்சை வெளிச்சம் பட்டால் கன்னத்துச் சிவப்பு கறுத்துவிடும். பொட்டிலிருந்து எடுத்த பூச்சு அதே பூச்சுதான், முகம்தான் வேறு. 'ஐந்தும் ஒன்பதும்' என்று எழுதியவர் கைக்குக் கட்டளை கொடுத்தார். எதற்காக என்பதைக் கண்ணுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

இப்படிக் கைக்கு மட்டும் கட்டளை கொடுப்பதால் வரும் விபரீதத்துக்கு, நாடகத்தை விட்டுச் சற்று நகர்ந்து, சினிமாவிலிருந்து ஒரு சாட்சி கொண்டு வருகிறேன். 1931-ல் வெளிவந்த 'பிராங்கன்ஸ்டைன்' படத்தில் போரிஸ் கார்லாப் பூதமாக வந்தார். அந்தத் தட்டைத் தலையையும் கனத்த இமையையும் அமைத்தவர் ஜாக் பியர்ஸ். படம் கறுப்பு வெள்ளை. பிணத்தின் வெளிறிய நிறம் திரையில் தெரிய வேண்டும் என்பதற்காக அவர் பச்சை கலந்த பூச்சைக் கார்லாப்பின் முகத்தில் தடவினார். காமிராவுக்கு அது செத்த வெளுப்பாகத் தெரிந்தது. பார்த்த ஜனங்கள் பச்சையைப் பார்க்கவே இல்லை; பிணத்தைப் பார்த்தார்கள், பயந்தார்கள்.

அதன் பிறகு வந்தவர்கள் என்ன செய்தார்கள்? முகமூடியிலும் பொம்மையிலும் சித்திரக் கதையிலும் பூதத்துக்குப் பச்சைப் பசேல் என்று வர்ணம் அடித்தார்கள். கிண்ணத்தில் இருந்த நிறம் நிலைத்துவிட்டது. திரையில் இருந்த மரணம் தொலைந்துவிட்டது. இதைவிட விசுவாசமான துரோகம் ஒன்றை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பச்சைப் பூதத்தைப் பார்த்துக் குழந்தைகள் சிரிக்கின்றன. பியர்ஸ் சிரிப்புக்காக அதைத் தடவவில்லை.

'இதெல்லாம் நேற்றைய சமாசாரம். எழுதி வைத்த ஒப்பனையில் நமக்கு இரண்டாயிரம் வருஷத்துப் பழக்கம் உண்டே' என்று யாராவது நாட்டிய சாஸ்திரத்தைக் காட்டலாம். காட்ட வேண்டியதுதான். அதில் ஆஹார்ய அபிநயம் என்று ஒரு அத்தியாயமே இருக்கிறது. உடை, நகை, வர்ணம், தாடி, தலைமுடி எல்லாம் அதில் அடக்கம். வெள்ளை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நான்கு மூல வர்ணங்களைச் சொல்லி, மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை, வெள்ளையும் சிவப்பும் கலந்தால் தாமரை நிறம் என்று அடுக்கிக்கொண்டு போகிறது. அத்தோடு விட்டிருந்தால் அது வெறும் ஜாபிதா. ஆனால் விடவில்லை. பலமுள்ள வர்ணம் 1 பங்கு, பலம் குறைந்தது 2 பங்கு. நீலமானால் அது 1 பங்கு, மற்றவை 4 பங்கு என்று அளவு சொல்கிறது. ஏன் நீலத்துக்கு மட்டும் இந்த விதிவிலக்கு என்பதையும் சொல்கிறது: வர்ணங்களில் நீலமே பலசாலி.

அந்த ஒரு காரணத்தைச் சொன்னதால் அந்த இடம் இன்றும் உயிரோடு இருக்கிறது. இன்றைய ஒப்பனைக்காரரிடம் உள்ள நீலம் பரதர் காலத்து நீலம் இல்லை. 1-க்கு 4 என்ற கணக்கு அதற்குப் பொருந்தாமல் போகலாம். ஆனால் 'இது மற்றதை விழுங்கிவிடும், ஜாக்கிரதை' என்ற எச்சரிக்கை பொருந்தும். கணக்கு பொய்த்தாலும் காரணம் அவருக்கு வழி காட்டும்.

அதே அத்தியாயத்தில் பெண்களின் கூந்தலைப் பற்றிய பகுதிக்கு வாருங்கள். ஆயர் குலப் பெண்களுக்கு இரட்டைப் பின்னல். கணவனைப் பிரிந்தவளுக்கு ஒற்றைப் பின்னல், வெள்ளை உடை. நல்லது, எந்த வீட்டுப் பெண்ணும் இதைப் பின்னிக் காட்டிவிடுவாள். தென்னாட்டுப் பெண்களுக்கோ 'உல்லேக்யம்' என்கிறது. 'ஆவர்த்த லலாடிகம்' என்கிறது. ஆவர்த்தம் என்றால் சுழி, லலாடம் என்றால் நெற்றி. நெற்றியில் சுழி. அது முடியைச் சுருட்டி ஒட்டியதா, சுழி வடிவத்தில் ஒரு நகையா, சந்தனத்தால் எழுதிய கோலமா? தென்னாட்டவர்களான நம்மைப் பற்றிய வரி இது, நமக்கே விளங்கவில்லை. எழுதியவர் காலத்தில் தெருவில் இறங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும் விஷயம். ஆகவே பெயரைச் சொன்னால் போதும் என்று விட்டுவிட்டார். தெருவில் அந்தக் கொண்டை போனதும் ஏட்டிலும் போய்விட்டது. காரணமோ விவரமோ சொன்ன வரி நின்றது. பெயரை மட்டும் நம்பிய வரி வழக்கிழந்து போயிற்று.

நமது பாஷையிலேயே இதற்கு ஒரு உதாரணம் நடமாடுகிறது. வேஷம் போடுவதை 'அரிதாரம் பூசுவது' என்கிறோம். அரிதாரம் என்பது மஞ்சள் நிறக் கனிப்பொருள், பாஷாணம் கலந்தது. பழைய கூத்தாடிகள் அதை அரைத்துப் பூசினார்கள். இன்று அதைக் கண்ணால் கண்ட நடிகர் அபூர்வம். பெயர் மட்டும் எல்லா நடிகர்களின் முகத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கூந்தல் விஷயத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. முகத்து வர்ணத்திலாவது பழைய தாளுக்குக் கட்டுப்படுகிறவர்கள், முடியில் தங்கள் காலத்து ருசியை விட முடிவதில்லை. 'நெற்றியில் லேசாகப் புரளும் அலை' என்று எழுதியிருந்தால், அந்த 'லேசாக' என்ற சொல்லை ஒவ்வொரு காலத்தவரும் தங்கள் வீட்டுக் கண்ணாடியைப் பார்த்தே அளக்கிறார்கள். 1953-ல் வந்த 'ஜூலியஸ் சீசர்' படத்தில் எல்லா ரோமர்களின் நெற்றியிலும் முடி வெட்டித் தொங்குவதைப் பார்த்து, ரோலன் பார்த் என்ற பிரெஞ்சு விமர்சகர் ஒரு கட்டுரையே எழுதினார். ரோமன் என்பதற்கு அந்த நெற்றி முடியே முத்திரையாகிவிட்டது என்பது அவர் வாதம். டோப்பா கட்டுகிறவர், வலையில் ஒவ்வொரு முடியாக ஊசியால் முடிந்து எத்தனையோ நாள் உழைக்கிறார். அந்த உழைப்பு கடைசியில் எந்த வருஷத்தைக் காட்டுகிறது என்பது, கதை நடந்த காலத்தைவிட நாடகம் நடந்த காலமாகவே பெரும்பாலும் இருக்கிறது.

'அப்படியானால் எழுதவே வேண்டாம், கையிலிருந்து கைக்கு வரட்டும்' என்பார்கள் சிலர். கதகளியை மேற்கோள் காட்டுவார்கள். நியாயமான மேற்கோள்தான். நடிகர் பாயில் மல்லாந்து படுத்துக்கொள்ள, சுட்டிக்காரர் அரிசிமாவும் சுண்ணாம்பும் குழைத்த பசையால் தாடை ஓரத்தில் வெள்ளை வரம்பு கட்டுகிறார். மணிக்கணக்கில் நடக்கும் இந்த வேலையில் நடிகர் தூங்கிப் போவதும் உண்டு. பச்சை வேஷத்துக்கு மனயோலை என்ற மஞ்சளும் நீலமும் சேர்த்து அரைக்கிறார்கள். நாட்டிய சாஸ்திரம் சொன்ன அதே சேர்க்கை. அந்தப் பச்சை முகம் நிலவிளக்கின் மஞ்சள் சுடருக்கு முன் எப்படித் தெரிய வேண்டும் என்பது சுட்டிக்காரரின் கண்ணுக்குத் தெரியும், தாள் தேவையில்லை. முகம் மாறினால் அவர் விரலும் மாறுகிறது. மேலே சொன்ன சங்கடங்களில் ஒன்றுகூட அவருக்கு இல்லை.

ஆனால் அந்தக் கை தளர்ந்தால்? இந்த நூற்றாண்டுக் கேள்வியன்று இது. வள்ளத்தோள் 1930-ல் கலாமண்டலம் தொடங்க நேர்ந்ததே, கைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டு வந்ததால்தான். அங்கே சுட்டியும் ஒரு தனிப் பாடமாயிற்று. வள்ளத்தோள் வந்தார், கதகளி பிழைத்தது. வள்ளத்தோள் வராத கலைகள் எத்தனை! கை போன பிறகு தாளாவது இருந்தால் ஏதோ ஒன்று மிஞ்சும். ஆகவே எழுதாமல் இருப்பது தீர்வாகாது. கையை நம்பிய கலைக்கும், கை இருக்கும்போதே ஒரு நல்ல ஏடு எழுதிவைப்பது காப்பு.

கையும் போய், ஒழுங்கான ஏடும் இல்லாமல் போனால் என்ன செய்வது என்பதற்கு ஒரு பெரிய முயற்சி சாட்சியாக நிற்கிறது. 1913 மே 29-ஆம் தேதி பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்கு நிஜின்ஸ்கி அமைத்த 'வசந்தச் சடங்கு' நடனம் அரங்கேறியது. உடையும் காட்சியும் நிகலாய் ரோரிக் வகுத்தவை. பத்துத் தடவைக்கும் குறைவாகவே ஆடி, அது மறைந்துவிட்டது. பல வருஷங்கள் கழித்து மிலிசென்ட் ஹாட்ஸன் என்ற அமெரிக்கப் பெண்மணியும் கென்னத் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயரும் அதைத் தேடிப் புறப்பட்டார்கள். நிஜின்ஸ்கிக்கு உதவியாக இருந்த மரி ராம்பெர் இசைத் தாளில் எழுதிவைத்த குறிப்புக்கள், வாலன்டின் கிராஸ் என்ற ஓவியர் வரைந்த படங்கள், பிழைத்திருந்த சில உடைகள், பத்திரிகை விமர்சனங்கள், நடனக்காரர்கள் வேஷத்தோடு நிற்கும் புகைப்படங்கள் என்று சேர்த்தார்கள். புகைப்படங்களை நம்பினால் ஒரு தொல்லை: அந்தக் காலத்துத் தகடுகளில் சிவப்பு கறுப்பாக விழும். கன்னத்தில் கறுப்பு என்று தெரிவது சிவப்பாக இருக்கலாம். உடையையும் எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் படமே புரியும். 1987 செப்டம்பரில் ஜாப்ரி நடனக் குழுவினர் அதை அமெரிக்காவில் மேடையேற்றினார்கள்.

இது நிஜின்ஸ்கியின் நடனமே இல்லை, இவர்கள் கற்பனை என்று சொன்ன விமர்சகர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஓட்டைகளை அடைக்காமல் எந்தப் பானையும் தண்ணீர் பிடிக்காது. அடைத்த மண் புதிய மண்தான். ஆனால் ஹாட்ஸன் ஒரு காரியம் செய்தார். 1996-ல் வெளியிட்ட புத்தகத்தில், இசையின் போக்கிலேயே தொடர்ந்து, எந்த இடத்துக்கு எது ஆதாரம் என்று எழுதி வைத்தார். அடுத்து வருகிறவர் அவரோடு சண்டை போட வேண்டுமானால் எங்கே போடுவது என்று தெரிகிறது. பழைய முகத்தை மீட்பவரிடம் நான் எதிர்பார்க்கும் நாணயம் இவ்வளவுதான். ஒட்டுப் போட்ட இடத்தை மறைத்து, 'அசலே இதுதான்' என்று சாதிப்பவரிடம்தான் எனக்குச் சண்டை.

இந்த உதாரணங்களிலிருந்து நான் சொல்ல வருவது இரண்டு தரப்பாருக்கும் கசப்பாக இருக்கும். தாளே வேதம் என்பவர்கள் பச்சைப் பூதத்தைப் படைக்கிறார்கள். தாளைத் தூக்கி எறிந்துவிட்டு, 'ஆத்மாவைப் பிடித்துவிட்டேன்' என்பவர்கள் தங்கள் ஆத்மாவைப் பிறர் கணக்கில் எழுதுகிறார்கள். பிந்தியவர்களுக்கு இன்றைக்கு மவுசு அதிகம். அவர்களிடம்தான் எனக்குப் பயமும் அதிகம். புது முகத்துக்காக ஒரு கோட்டை மாற்றும் உரிமை, அந்தக் கோட்டைச் சொன்னபடி ஒரு தடவையாவது போட்டு, விளக்கைப் போட்டு, கடைசி வரிசைக்குப் போய் நின்று பார்த்தவருக்குத்தான் உண்டு. அங்கே நின்று பார்க்கும்போது, வகுத்தவர் எதற்காக அதைச் சொன்னார் என்பது பல சமயம் தானே விளங்கிவிடும். விளங்கிய பிறகு மாற்றினால் அது தொண்டு. விளங்காமல் மாற்றினால் அகம்பாவம்.

வகுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தாளில் நிறத்தின் பெயரும் நம்பரும் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னும் மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்த வெளிச்சத்தில், எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்க, பார்ப்பவர் மனசில் என்ன தோன்ற. நம்பர் ஒரு தலைமுறைக்குள் செத்துப் போகலாம். 'மூன்று நாள் தூங்காதவள் என்று தெரிய வேண்டும். அழுதவள் என்று தோன்றிவிடக் கூடாது' என்று ஒரு வரி எழுதியிருந்தால், நூறு வருஷம் கழித்து வேறு பூச்சு, வேறு விளக்கு, வேறு மூக்கு இவற்றோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் அதை வைத்துக்கொண்டு உங்கள் முகத்தை மறுபடி கொண்டுவந்துவிடுவார்.

அப்படிக் கொண்டுவந்தால், நாடக நோட்டீஸில் உங்கள் பெயருக்குக் கீழே அவர் பெயரையும் போடச் சொல்லுங்கள். ஏட்டுச் சுரைக்காயைக் கறியாக்கியவர் அவர்தாம்.